செத்தவன் பாஸ்போர்ட்டில் ஒரு குடும்பம்

சேதராப்பட்டில் எல்லை தாண்டுவது ஒரு விஷயமே இல்லை. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து பைக்கைக் கிளப்பினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். வழி தவறினால் மறுபடி புதுச்சேரி. வில்லியனூர் கொம்யூனின் இந்த மூலையில் வயலுக்கும் ஏரிக்கும் நடுவே எது எந்த மாநிலம் என்று கேட்டால், உள்ளூர்க்காரர்களே பெட்ரோல் பங்க்கையும் ஒயின் ஷாப்பையும் அடையாளம் வைத்துத்தான் சொல்வார்கள். வண்டி பெட்டியில் பாட்டில் இருந்தால் மட்டும் செக்போஸ்ட் வரும்போது நெஞ்சு லேசாக அடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் நம் எல்லை அனுபவம்.

இதே வரப்புகளில் ஒரு காலத்தில் நிஜமாகவே கடத்தல் நடந்தது. 1949-ல் இந்திய அரசு பிரெஞ்சு இந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு சுற்றிலும் சாவடி போட்டதும், நேற்று வரை மாமியார் வீட்டுக்கு மூட்டை தூக்கிப் போனவர் இன்று கடத்தல்காரர் ஆகிவிட்டார். ஆள் அதேதான், மூட்டையும் அதேதான். மாறியது டெல்லியில் இருந்த ஒரு காகிதம்.

காகிதம் மாறினால் மனுஷனும் மாறிவிடுவானா? 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். பிரெஞ்சுப் படம் என்று சொன்னேனே தவிர, அதில் பெரும்பகுதி வசனம் தமிழ். இயக்கியவர் ழாக் ஓதியார். 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு இதற்குத் தங்கப்பனை விருது கொடுத்தது. உலகத்தின் பெரிய சினிமாப் பரிசுகளில் ஒன்று தமிழ் பேசும் படத்துக்குப் போனது. நம் ஊர்த் தியேட்டர்ப் பக்கம் போஸ்டர் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அந்த வாரம் நாம் வேறு ஏதோ டீஸரில் மும்முரமாக இருந்திருப்போம்.

நான் இதை உருப்படியாகப் பார்த்தது சேதராப்பட்டில், நண்பர் வீட்டு டிவியில். அவருக்குத் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. கூட உட்கார்ந்து பார்த்தவர் அவருடைய சித்தப்பா. புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் புரியும்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். நாங்கள் இரண்டு பேரும் தமிழைக் காதால் கேட்டு, பிரெஞ்சுக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தோம். அவருக்கு எந்த எழுத்தும் தேவைப்படவில்லை. இந்தப் படத்துக்கு இவரைவிடத் தகுதியான ரசிகர் கிடைக்க மாட்டார் என்று நினைத்தேன்.

கதை இதுதான். இலங்கையில் போர் முடிகிற நேரம். சிவதாசன் புலிகள் இயக்கத்துப் போராளி. செத்துப்போன தோழர்களைப் பனையோலை போட்டு எரிக்கிறான். சீருடையையும் கழற்றி நெருப்பில் போடுகிறான். அதே நேரத்தில் யாழினி என்ற பெண், அகதி முகாமில் கூடாரம் கூடாரமாக அலைகிறாள். தாயில்லாத ஒரு பெண் குழந்தை வேண்டும் அவளுக்கு. வளர்க்க அல்ல, பாஸ்போர்ட்டுக்கு! செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்கள் தயாராக இருக்கின்றன: அப்பா, அம்மா, ஒன்பது வயசு மகள். மூன்று படங்களுக்கும் பொருந்துகிற மூன்று உயிர்கள் வேண்டும். சிவதாசன் 'தீபன்' ஆகிறான். யாழினி மனைவி. இளையாள் என்ற சிறுமி மகள். ஒருத்தரை ஒருத்தர் முன்பின் பார்த்ததில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். பிறகு விவரம் தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றுவோம். இந்த மூன்று பேரும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவர்கள்தான். எப்போது மாற்றுவார்கள், மாற்றுவார்களா என்பது மீதிப் படம்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. பிரான்ஸின் அகதிகள் அலுவலகம். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் தீபன், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேள்வி. தீபன் மனப்பாடம் செய்த மாதிரி கடகடவென்று ஒரு கதை சொல்கிறான். ஆள் கடத்துகிற ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த கதை. மொழிபெயர்ப்பாளர் இதைப் பலமுறை கேட்டவர் போலிருக்கிறது. முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் தமிழில் தீபனைக் குடைகிறார்: இது யார் சொல்லித்தந்தது, உன் சொந்தப் பேர் என்ன? அதிகாரி காத்திருக்கிறார். அவருக்கு இரண்டு தமிழர்கள் ஏதோ விவரம் சரிபார்க்கிறார்கள் என்று தோற்றம். கடைசியில் அவருக்குப் பிரெஞ்சில் போய்ச் சேர்வது தீபன் சொன்னதும் அல்ல, நடந்ததும் அல்ல.

இந்த இடத்தில் சித்தப்பா சிரித்துவிட்டார். "தம்பி, இந்த ஆள் ரெண்டு பக்கமும் சம்பளம் வாங்கறான் பாருங்க" என்றார். உடனே, "ஆனா வேற வழி இல்ல. நடந்ததை அப்படியே சொன்னா அனுப்பிடுவானுங்க" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

அதுதான் சங்கதி. அகதிச் சட்டத்துக்கு ஒரு குறிப்பிட்ட மாதிரிக் கதை வேண்டும்: நீ பாதிக்கப்பட்டவனாக இருக்க வேண்டும், துப்பாக்கி பிடித்தவனாக இருக்கக் கூடாது. ஆனால் நிஜ மனுஷன் இரண்டுமாக இருக்கிறான். அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல ஃபாரத்தில் இடமில்லை. அதனால் கதையைத் தைத்துக் கொடுக்கிறார்கள். ஓதியார் இதைக் கண்டிக்கவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. ஒரு தையற்காரர் அளவெடுப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லை தாண்டுவதைப் பற்றி எத்தனையோ படம் வந்திருக்கிறது. 2006-ல் வந்த 'பாபேல்' மூன்று கண்டத்தைச் சுற்றிக் காட்டி, ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாததால் வரும் விபரீதத்தைச் சொன்னது. அதில் மொழி ஒரு சுவர். 'தீபன்' காட்டும் மொழி ஒரு கதவு. திறக்கிறவன் நல்லவனா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

தங்க அனுமதி கிடைக்கும் வரை தீபன் பாரிஸ் தெருவில் மினுக்கு விளக்குப் பொம்மைகள் விற்கிறான். இருட்டில் நீலமும் சிவப்புமாக ஏதோ மினுங்குகிறது. கிட்டே வந்தால், அது அவன் தலையில் மாட்டியிருக்கும் விளையாட்டுச் சாமான். துப்பாக்கி தூக்கிய போராளியின் தலையில் மினுக்கு விளக்கு! ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அப்புறம் நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல்காரன் வேலை. பாரிஸுக்கு வெளியே புவாசியில் இருக்கும் நிஜக் குடியிருப்பில் எடுத்திருக்கிறார்கள். அங்கே மாடிப்படியைப் போதை மருந்து கோஷ்டி பிடித்து வைத்திருக்கிறது. தீபன் அவர்கள் எழுந்து போன பிறகுதான் கூட்டிப் பெருக்க வேண்டும். ஜன்னல் வழியாக அந்தப் பையன்களை யாழினியும் அவனும் சினிமா பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குப் படம் அருமை. பெரிய சம்பவமே கிடையாது. யாழினி வெளியே போகும்போது தலையில் துணி போட்டுக்கொள்கிறாள். அந்தக் குடியிருப்பில் நிறையப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். பிரான்ஸில் இதுதான் வழக்கம்போல என்று கலந்துவிடப் பார்க்கிறாள். அவள் பிரெஞ்சுக்காரியாக முயற்சி செய்து அரபுப் பெண் மாதிரி ஆகிவிடுகிறாள். இதைவிட அழகாக ஒரு தப்புக் கணக்கை எழுத முடியாது. அவளுக்கு யாரும் பிரான்ஸைக் காட்டவில்லை, பிரான்ஸின் பின்கட்டைத்தான் காட்டினார்கள்.

இன்னொரு காட்சி. கூட இருப்பவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், வார்த்தை எல்லாம் புரிகிறது, ஆனால் எது ஜோக் என்று தெரியவில்லை என்று தீபன் யாழினியிடம் சொல்கிறான். அது மொழிப் பிரச்னை இல்லை, தமிழிலும் உனக்கு அந்த ரசனை இல்லை என்கிற மாதிரி அவள் ஒரு போடு போடுகிறாள். பொய்ப் பெண்டாட்டி உண்மைப் பெண்டாட்டி ஆகிற இடம் இதுதான். கட்டில் காட்சியெல்லாம் பிறகுதான் வருகிறது.

இளையாள் கதை இன்னும் நுணுக்கம். பள்ளியில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்து அனுப்புகிறார்கள். நீயும் கொடு என்கிறாள் யாழினியிடம். பாசத்தால் மட்டுமல்ல, மற்றவர்கள் பார்க்கிறார்களே! எல்லையில் காட்டிய பாஸ்போர்ட் மாதிரி, பள்ளிக்கூட வாசலில் காட்ட வேண்டிய ஆவணம் அந்த முத்தம். யாழினிக்குத் தெரியவில்லை. அவளே சின்னப் பெண், தாய் வேஷம் அவளுக்கு ஒட்டவில்லை. லண்டனில் உறவுக்காரி இருக்கிறாள், அங்கே போய்விட வேண்டும், இந்தக் குழந்தை யார் பெற்றதோ என்கிற எரிச்சல் அவள் முகத்தில் பாதிப் படம் வரை போகவில்லை. தமிழ் சினிமாவாக இருந்தால் இரண்டாவது ரீலிலேயே "அம்மா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டிருக்கும்.

நோயாளிப் பெரியவர் ஒருவருக்குச் சமைத்துப் போட யாழினிக்கு வேலை கிடைக்கிறது. அந்த வீட்டில்தான் கோஷ்டித் தலைவன் பிராஹிம் காலில் போலீஸ் மாட்டிய கண்காணிப்புப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். அவனும் ஒரு விதத்தில் எல்லை தாண்ட முடியாதவன். அவள் தமிழில் பேசுகிறாள், அவன் பிரெஞ்சில். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் இருவரும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். புரிந்துகொள்கிறவர் முன்னால் வாய் திறக்காத யாழினி, புரியாதவன் முன்னால் பேசுகிறாள்.

யாழினியாக நடித்தவர் காளீஸ்வரி சீனிவாசன், சென்னை நாடகக்காரர். ஈழத் தமிழைப் பழகிக்கொண்டு பேசியிருக்கிறார். தீபனாக வருபவர் அந்தோணிதாசன் யேசுதாசன் என்றால் பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் ஷோபாசக்தி என்றால் இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டிக்காரர். சிறு வயதில் புலிகளோடு இருந்து, வெளியேறி, 1993-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து, தட்டு கழுவுவது உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். 'கொரில்லா' நாவலை எழுதியவர். இந்தப் படத்தில் பாதி தன் கதை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் நடிக்கிறாரா என்று பல இடங்களில் தெரியவே இல்லை. அதிகாரி முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்காரும் அந்த உட்காரல், நடிப்புப் பட்டறையில் சொல்லித்தந்து வருவது அல்ல.

ஓதியாருக்குத் தமிழ் தெரியாது. ஏன் தமிழர்களை எடுத்தார்? பிரெஞ்சு பேசாத, பிரான்ஸோடு பழைய காலனி உறவு இல்லாத மனிதர்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. 1721-ல் மோந்தெஸ்கியு எழுதிய 'பாரசீகக் கடிதங்கள்' அவருக்கு ஒரு தூண்டுதல்: வெளியூர்க்காரன் கண்ணால் பாரிஸைப் பார்ப்பது. இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தில் ஒரு வருத்தம். "தமிழனுக்கும் பிரான்ஸுக்கும் உறவு இல்லையாமா?"

அவர் கேட்டது நியாயம். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18-ந் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கையெழுத்து, பேரன் பேத்தி வரை பிரெஞ்சுக்காரர்கள். அதே தமிழைப் பேசிக்கொண்டு வந்த தீபனுக்குச் செத்தவன் பாஸ்போர்ட்டும் கடன் வாங்கிய குழந்தையும் தேவைப்பட்டது. ஓதியார் தெரியாமல் விட்டுவிட்ட இன்னொரு படம் இதில் இருக்கிறது. சுத்தமான அந்நியனைத் தேடிப் போனவர், சொந்த நாட்டின் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி குறைக்கு வருகிறேன். குறை சின்னது அல்ல.

தீபனுடைய பழைய தளபதி பாரிஸில் இருக்கிறார். இன்னும் போர் முடியவில்லை, ஆயுதத்துக்குப் பணம் திரட்டு என்கிறார். எனக்கு முடிந்துவிட்டது என்கிறான் தீபன். உதை கிடைக்கிறது. குடியிருப்பில் கோஷ்டிச் சண்டை முற்றித் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அவன் ஒன்று செய்கிறான்: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக் கோடு இழுக்கிறான். இந்தப் பக்கம் சுடக்கூடாத இடம் என்று அறிவிக்கிறான்.

படத்தின் உயிர்நாடி அந்தக் கோடு. 2009-ல் வன்னியில் இலங்கை அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று வரைபடத்தில் கோடு போட்டது. மக்களை அதற்குள் போகச் சொன்னது. அதற்குள்ளும் ஷெல் விழுந்தது. வலயம் சுருங்கிச் சுருங்கி முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அதைப் பார்த்த ஒருவன், இன்னொரு நாட்டில், கையில் வெள்ளைப் பொடியோடு அதே கோட்டைப் போடுகிறான். இந்தத் தடவையாவது மதிப்பார்கள் என்று நினைக்கிறானா? இல்லை, புத்தி பேதலித்துவிட்டதா? அந்தப் பையன்கள் சிரிக்கிறார்கள். ஒரு காவல்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

சித்தப்பாவும் கேட்டார்: "என்னாத்துக்குத் தம்பி கோடு போடறான்?"

தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும், ராணுவமும் தெரியும். அவருக்கே அந்தக் கோடு தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஓதியாரே அந்தக் கோட்டின் கனம் உணர்ந்தாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அதற்கப்புறம் பத்து நிமிஷம் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டிய படம், கத்தியை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறது. யாழினி துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொள்கிறாள். தீபன் புகை மூட்டத்தில் படியேறி, எதிர்ப்பட்டவர்களை வீழ்த்தி, அவளை மீட்கிறான். ஓதியாருக்கு இன்னொரு தூண்டுதல் 1971-ல் வந்த சாம் பெக்கின்பாவின் 'ஸ்ட்ரா டாக்ஸ்' என்ற பழிவாங்கும் படம். கடைசிக் கட்டத்தில் மோந்தெஸ்கியு வெளியே போய் பெக்கின்பா உள்ளே வந்துவிடுகிறார். காமிரா தோள் மட்டத்துக்குக் கீழேயே நிற்கிறது, முகம் தெரியாத உடல்கள் சரிகின்றன, திறமையாகத்தான் எடுத்திருக்கிறார். நம் ஹீரோக்கள் தனி ஆளாக நாற்பது பேரை அடிப்பதைச் சகித்துக்கொண்ட நமக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனால் இது எந்தத் தீபன்? எனக்குப் போர் முடிந்துவிட்டது என்று உதை வாங்கியவனா?

முன்னாள் போராளி என்றால் உள்ளே ஒரு மிருகம் தூங்கிக்கொண்டிருக்கும், தட்டினால் எழுந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களின் பழைய எண்ணம் இது. ஒன்றரை மணி நேரம் அதைக் கலைத்துக்கொண்டே வந்த படம் கடைசியில் தானே அதில் போய் விழுகிறது. அப்புறம் ஒரு இங்கிலாந்து! வெயில், புல்வெளி, கைக்குழந்தை, நண்பர்கள். பாரிஸ் குடியிருப்பு நரகம், லண்டன் தோட்டம் சொர்க்கம். எந்த ஃபாரம் பூர்த்தி செய்து அங்கே போனார்கள்? முதல் காட்சியில் அவ்வளவு அக்கறையாகக் காகிதம் பார்த்த படம், கடைசிக் காட்சிக்கு விசா கேட்கவில்லை. அது தீபனின் கனவு என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கனவாக இருந்தால் இன்னும் மோசம்.

ஓதியாரின் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. 2024-ல் 'எமிலியா பெரெஸ்' எடுத்தார். மெக்ஸிகோக் கதை, பெரும்பாலும் பிரான்ஸ் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. ஆஸ்காருக்கு 13 பரிந்துரைகள். மெக்ஸிகோக்காரர்களோ இது எங்கள் ஊரும் இல்லை, எங்கள் பேச்சும் இல்லை என்று கொதித்தார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டபோது எனக்குத் 'தீபன்' நினைவுதான் வந்தது. 'தீபன்' அந்த விதியிலிருந்து முக்கால்வாசி தப்பியதற்குக் காரணம் ஷோபாசக்தி. மொழி தெரியாத இயக்குநருக்கு அவர் உடம்பே மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரருக்கு நம்மைப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்தான். நமக்குப் புரிந்ததா? யாழ்ப்பாணத் தமிழ் நம் சினிமாவில் எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். 2000-ல் 'தெனாலி'யில் சிரிப்பதற்கு. 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோது அழுவதற்கு. தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் வைத்து லீனா மணிமேகலை 'செங்கடல்' எடுத்தார். அதிலும் ஷோபாசக்தி உண்டு. தணிக்கைக் குழு மறுத்து, 2011-ல் மேல்முறையீட்டில்தான் வழி கிடைத்தது. எத்தனை பேர் பார்த்தோம்?

2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு இரவோடு இரவாகப் படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழ்கிறார்கள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள், பேச்சைக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கை. தமிழ்நாட்டில் தமிழ் பேசினால் ஆபத்து! அருமையான முடிச்சு. நான் ரசித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் கண்ணும் கலங்கியது. ஆனால் வெளியே வந்து யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அந்தக் குடும்பம் அவ்வளவு நல்லவர்கள். தெருவில் எல்லோர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போய் நிற்கிறார்கள். கோபமே வராது. அதனால் தெரு அவர்களை ஏற்றுக்கொள்கிறது. கொஞ்சம் சிடுசிடுப்பாக, பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை போடுகிறவர்களாக இருந்திருந்தால்? யாழினி மாதிரி, குழந்தையை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறவளாக இருந்திருந்தால் காலனி என்ன செய்திருக்கும்? அகதியை நல்லவனாகக் காட்டிப் பாஸ்மார்க் வாங்கிக் கொடுக்கும் வேலையை 'தீபன்' செய்யவில்லை. அதன் பெரிய பலம் அது.

சேதராப்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஊர் தெரியும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதும் தெரியும். உள்ளே போனவர்கள் குறைவு. 1983-லிருந்து கட்டம் கட்டமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். பலர் திரும்பினார்கள். சுமார் 58,000 பேர் தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின், இனி அகதிகள் முகாம் என்று சொல்லக் கூடாது, 'மறுவாழ்வு முகாம்' என்று சொல்ல வேண்டும் என்று அறிவித்தார். பெயர் மாறியது. சட்டத்தின் புத்தகத்தில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போயிற்று. குடியுரிமை அதில் இல்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் நாற்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது. எந்த ஆடிட்டரும் இதை அனுமதிக்க மாட்டார்.

அந்த பாரிஸ் மேஜையை நினைத்துப் பாருங்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தார். தனக்குப் புரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன நடந்தது, ஏன் வந்தாய் என்று ஒருமுறையாவது கேட்டார். பொய்யான பதில் கிடைத்தது, ஆனாலும் கேட்டார். நம் ஊரில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தமிழ் தெரியுமே! கேள்வி கேட்டது பெரும்பாலும் கியூ பிராஞ்ச் போலீஸ்; முகாமுக்குள் எத்தனை பேர், யார் வெளியே போனது, எப்போது திரும்பினார்கள் என்பது அவர்கள் கேள்வி. மற்ற நாம் மேடையில் அவர்களுக்காகப் பேசினோம், பல தேர்தல்களில் பேசினோம்.

படத்தில் பிரெஞ்சை முதலில் பிடித்துக்கொள்கிறவள் இளையாள். பொய் அப்பாவுக்கும் பொய் அம்மாவுக்கும் அவள்தான் வெளியுலகத்தைத் தமிழ்ப்படுத்துகிறாள். கீழ்ப்புத்துப்பட்டு மாதிரி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று காலேஜ் முடித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு தமிழ், பஸ்ஸில் ஒரு தமிழ் பேசத் தெரிந்தவர்கள். காமிரா வேண்டாம், கையில் செல்போன் இருக்கிறது. அவர்கள் எடுக்கும் படம் வரட்டும். ஓதியார் படத்தையும் சசிகுமார் படத்தையும் அதன் பக்கத்தில் வைத்துத் திரும்பவும் எழுதுகிறேன். அதுவரை 'தீபன்' கிடைத்தால் பாருங்கள். வெள்ளைக் கோடு வரும் இடத்தில் மட்டும் ரிமோட்டில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் அது என்னவென்று கேளுங்கள்.